மருமகளின் வேலையும் சர்ஜாபுரத்துக் கணக்கும்



சென்ற சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் தம் மகளை அறிமுகப்படுத்தினார். சர்ஜாபுரத்தில் பொருளாதாரம் படிக்கிறாளாம். "பொருளாதாரம் படித்தால் பேங்க் வேலைதானேம்மா?" என்று கேட்டேன். "அது மட்டும் இல்லை அங்கிள். எங்கள் டிபார்ட்மென்ட்டில் வேலையைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறார்கள். யார் வேலைக்குப் போகிறார்கள், யார் போவதில்லை, ஏன் என்று. உங்கள் வீட்டுக் கதையும் அதில் இருக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்ன சொல்தான். ஆனால் உண்மையிலேயே என் வீட்டுக் கதை அதில் இருந்தது.

அவள் சொன்னது அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தை. 2010-இல் கர்நாடக அரசின் சட்டத்தால் தோன்றிய இப்பல்கலைக்கழகத்தின் பெங்களூர் வளாகம் நம் ஆனேக்கல் தாலுகாவில், சர்ஜாபுரத்தை அடுத்த புருகுண்டே கிராமத்தில் இருக்கிறது. அங்குள்ள பொருளாதாரப் பேராசிரியர் அமித் பசோலேயும் சக ஆசிரியர்களும் 2018 முதல் 'ஸ்டேட் ஆஃப் ஒர்க்கிங் இந்தியா', அதாவது 'உழைக்கும் இந்தியாவின் நிலை' என்ற அறிக்கைகளை வெளியிட்டு வருகிறார்கள். பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி என்று தொழிற்பேட்டைகள் நிறைந்த நம் தாலுகாவிலிருந்து நாட்டின் உழைப்பாளிகளைப் பற்றிய கணக்கு வெளிவருவது நமக்கும் பெருமைதான்.

வேலை என்றால் எது?

இக்கணக்கைப் புரிந்துகொள்ள முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசு வீடு வீடாக ஆள் அனுப்பி, யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று விசாரிக்கிறது. 2017 முதல் இதற்கு 'பீரியாடிக் லேபர் ஃபோர்ஸ் சர்வே' என்று பெயர். ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தகவல்களை எடுத்துச் சலித்துப் பார்க்கிறார்கள். அதில் சமைப்பதும் துவைப்பதும் பிள்ளை பார்ப்பதும் வேலையாகச் சேராது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து கூலிக்கு ஊதுபத்தி உருட்டினாலும், குடும்பத்துக் கடையில் சம்பளமின்றி வியாபாரம் பார்த்தாலும் அது வேலைதான். வேலை தேடியும் கிடைக்காதவரும், தேடாவிட்டாலும் வேலை செய்யத் தயாராக இருப்பவரும் வேலையில்லாதவர். தேடவும் செய்யாமல், தயாராகவும் இல்லாதவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

2023 அறிக்கையில் பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. 25 வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகளில் 42 சதவீதம் பேர் வேலையில்லாதவர்கள். 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளில் இது 5 சதவீதத்திற்கும் குறைவு. ஆகவே பட்டம் வாங்கிய பிள்ளை சில ஆண்டுகள் அலைந்தால் அது அவன் குற்றம் என்று உடனே ஏசிவிடக் கூடாது.

2020-இல் நடந்தது

கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல், மே மாதங்களில் நாடு முழுவதும் சுமார் 10 கோடிப் பேர் வேலை இழந்தார்கள் என்கிறது 2021 அறிக்கை. பெரும்பாலோர் பிறகு வேலைக்குத் திரும்பினார்கள். திரும்பாதவர்கள் யார் என்பதே முக்கியம். வேலையில் இருந்த ஆண்களில் 7 சதவீதம் பேர் வேலையை இழந்து திரும்பவே இல்லை. பெண்களிலோ 47 சதவீதம்!

அந்த 47-இல் என் மருமகளும் ஒருத்தி. பி.காம். படித்தவள். ஒரு சிறிய கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். 2020-இல் அந்த வேலை போயிற்று. அடுத்த ஆண்டு பேரன் பிறந்தான். அதன்பின் அவள் வேலையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

மாமியார் கணக்கு

இனி அந்தப் பெண் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். திருமணமான பெண்கள் வேலைக்குப் போவதற்கும் வீட்டில் மாமியார் இருப்பதற்கும் தொடர்பு உண்டா என்று 2023 அறிக்கையில் பார்த்திருக்கிறார்கள். மாமியார் இல்லாத வீடுகளில் 100 பெண்கள் வேலைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். மாமியார் இருந்து, அவர் வேலை பார்க்காதவரானால், கிராமத்தில் 80 பேரும் நகரத்தில் 70 பேரும்தான் போகிறார்கள். அதே மாமியார் தாமும் வேலை பார்ப்பவரானால் கிராமத்தில் 150, நகரத்தில் 170!

மாமியார் வேலைக்குப் போவதால்தான் மருமகளும் போகிறாள் என்று இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வீட்டின் தேவையும் காரணமாக இருக்கலாம். ஆனால் பெண் வெளியே போய்ச் சம்பாதிப்பது ஒரு வீட்டில் பழகிப்போன காரியமா இல்லையா என்பது அடுத்த தலைமுறையையும் தொடுகிறது என்பது தெளிவு. இந்த அறிக்கை வந்த அடுத்த மாதமே, 2023 அக்டோபரில், பெண்களின் வேலை, ஊதியம் பற்றிய ஆராய்ச்சிக்காக ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியை கிளாடியா கோல்டினுக்குப் பொருளாதார நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. உலகமே கவனிக்கும் கேள்வி இது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

என் வீட்டில்

இதை வீட்டில் சொன்னபோது, "பார்த்தாயா, மாமியார்களைத்தான் குறை சொல்கிறார்கள்" என்று மனைவியைக் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏங்க, தர்மபுரியிலிருந்து சந்தாபுராவுக்கு வந்த புதிதில் நான் உருட்டிய ஊதுபத்திக் காசில்தானே பையனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டினோம்? அது வேலை இல்லையா? போன வருஷம் அவள் வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டபோது, பேரனை யார் பார்ப்பது என்று சொன்னது நானா, நீங்களா?"

சொன்னவன் நான்தான். அறிக்கை மாமியாரைக் கணக்கெடுத்தது. என் வீட்டில் குறுக்கே நின்றவன் மாமனார். முப்பது ஆண்டுகள் என் மனைவியின் உழைப்பை 'பொழுதுபோக்கு' என்றே நான் நினைத்து வந்திருக்கிறேன். அரசாங்கத்தின் கணக்கில்கூட அது வேலைதான்!

இப்போது பேரன் பள்ளிக்கூடம் போகிறான். மாலையில் அவனை அழைத்து வரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். "நிஜமாகவா மாமா?" என்று மருமகள் இரண்டு முறை கேட்டாள். இடையில் சில வருடங்கள் வீட்டில் இருந்துவிட்டதால் வேலை எளிதில் கிடைக்கவில்லை, விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறாள்.

நம் சங்கத்தில் இப்படிப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மருமகள்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சர்ஜாபுரத்துக்காரர்கள் வந்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டாம். ஜிகனி, பொம்மசந்திரா பக்கம் கணக்கு எழுத ஆள் தேவை என்று யாருக்காவது தெரிந்தால், அடுத்த கூட்டத்தில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.