வாய்க் கிருமி இரத்தத்தில் இறங்கினால்

பல் பிடுங்கிக்கொண்டு நாற்காலியை விட்டு எழுவதற்குள், வாயில் குடியிருந்த பாக்டீரியாவில் சில முழங்கை மடிப்பு வரை போய்ச் சேர்ந்திருக்கும். 1935-இல் இங்கிலாந்தில் ஓகெல், எலியட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பல் எடுத்த உடனே நோயாளிகளின் கையிலிருந்து இரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள். பத்தில் ஆறு பேருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்தது. ஈறு கெட்டிருந்தவர்களுக்கு இன்னும் அதிகம்.

இதைப் படித்துவிட்டுப் பல் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட வேண்டாம். இரத்தத்தில் நுழைந்த இந்தக் கிருமிகளைக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள காவல் அணுக்கள் சில நிமிடங்களிலேயே பிடித்து விழுங்கிவிடுகின்றன. பல் துலக்கும்போதும், முறுக்கு கடிக்கும்போதும்கூடக் கொஞ்சம் கிருமி இரத்தத்துக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வாயில் வாழக்கூடியவை என்று இதுவரை எழுநூறுக்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை பரம சாதுக்கள். வெளியிலிருந்து வரும் முரட்டுக் கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் வாயை நிரப்பி வைத்திருப்பதே அவை செய்யும் உபகாரம். போகக்கூடாத இடத்துக்குப் போய்த் தங்கிவிடும்போதுதான் தொல்லை. அப்படித் தங்குவது அபூர்வம். தங்கிவிட்டால் சாதாரண விஷயமில்லை.

அவை தங்குவதற்கு மிகவும் வசதியான இடம் பழுதுபட்ட இதய வால்வு. சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியவர்கள், பிறவியிலேயே வால்வில் குறை உள்ளவர்கள், செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்கள் ஆகியோருக்கு அந்த இடத்தில் இரத்தம் நேராக ஓடாது. மதகு உடைந்த இடத்தில் தண்ணீர் சுழன்று செத்தை ஒதுங்குவது போல, அங்கே தட்டணுக்களும் நார்ப்புரதமும் சேர்ந்து சிறு திட்டாகப் படியும். அந்த வழியாக வரும் வாய் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் திட்டில் ஒட்டிக்கொள்கிறது. பல்லில் ஒட்டிக்கொள்ள அது வைத்திருக்கும் பசைதான் இங்கேயும் கைகொடுக்கிறது. ஒட்டியதும் பெருகுகிறது, அதன் மேல் இன்னொரு அடுக்கு படிகிறது. வால்வுத் திசுவில் இரத்தக் குழாய்கள் அநேகமாக இல்லாததால் வெள்ளை அணுக்களால் உள்ளே போய்ச் சண்டையிட முடிவதில்லை. மருத்துவர்கள் எண்டோகார்டைட்டிஸ் என்று சொல்லும் நோய் இப்படித்தான் தொடங்குகிறது. ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் மூன்று முதல் பத்துப் பேருக்கு இது வருகிறது. அத்தனைக்கும் வாய்க் கிருமி காரணமில்லை. பணக்கார நாடுகளில் இப்போது தோல் கிருமியான ஸ்டெஃபிலோகாக்கஸ்தான் முதலிடத்தில் இருக்கிறது. ருமாட்டிக் இதய நோய் இன்னும் ஒழியாத இந்தியா போன்ற நாடுகளில் வாய் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் பங்கு பெரிது.

இசையமைப்பாளர் குஸ்டவ் மாலரை இந்த நோய்தான் கொண்டுபோயிற்று. அவருக்கு வால்வுக் கோளாறு இருப்பதை 1907-இலேயே மருத்துவர்கள் கண்டு சொல்லியிருந்தார்கள். 1911 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் காய்ச்சலோடு நின்று கச்சேரியை நடத்தினார். அதுவே அவருடைய கடைசி மேடை. எமானுவல் லிப்மன் என்ற மருத்துவரின் இளம் உதவியாளர் மாலரின் இரத்தத்தை எடுத்து வளர்த்தபோது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்தது. நோய் என்னவென்று தெரிந்துவிட்டது, மருந்து இல்லை. கப்பலேறி பாரிஸ் போய், அங்கிருந்து வியன்னா சேர்ந்து, மே 18 அன்று காலமானார். வயது ஐம்பது. பெனிசிலின் புழக்கத்துக்கு வரும் வரை இந்த நோய் வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் இறந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, பெனிசிலின் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைத்த நாளில், புரூக்ளினில் லியோ லோவ் என்ற மருத்துவர் அதைப் பெரிய அளவில் தொடர்ந்து இரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார். 1944-இல் வெளியான அவருடைய அறிக்கையில் இருந்த ஏழு நோயாளிகளும் தேறியிருந்தார்கள்.

இன்றும் சிகிச்சையின் அடிப்படை அதுவே: மருத்துவமனையில் படுத்து, பெரும்பாலும் நான்கு வாரம் இரத்தக் குழாய் வழியாக ஊசி மருந்து, செயற்கை வால்வு என்றால் ஆறு வாரம். வால்வு சிதைந்துவிட்டால் அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

எனக்கு இதில் மிகவும் கவலை தருவது நம்முடைய ஒரு பழக்கம். வாய் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உண்டாக்கும் எண்டோகார்டைட்டிஸ் மெல்ல வரும். மாலையில் லேசாகச் சுடும், இரவில் வியர்க்கும், சாப்பாடு இறங்காது, எடை குறையும். வாரக்கணக்கில் இப்படியே போகும். நாம் மருந்துக்கடைக்குப் போய், சொல்லி வாங்கி, நான்கு நாள் ஆன்டிபயாடிக் போடுவோம். காய்ச்சல் விட்டுவிடும். பத்து நாள் கழித்துத் திரும்ப வரும். வேறு மாத்திரை, மறுபடி கொஞ்ச நாள் நிம்மதி. வால்வில் உள்ள கிருமி இந்த அளவு மருந்துக்குச் சாவதில்லை. ஆனால் இரத்தத்தில் அதன் எண்ணிக்கை குறைந்துவிடுவதால், கடைசியில் மருத்துவர் பிளட் கல்ச்சர் எடுக்கும்போது ஒன்றுமே வளராமல் போகிறது. இதற்கிடையே வால்வில் வளர்ந்த திட்டிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வுக் கோளாறு உள்ள ஒருவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டினால், முதல் மாத்திரைக்கு முன்பே இரத்தம் எடுக்க வேண்டும். பொதுவாக வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று முறை எடுப்பார்கள். எக்கோ ஸ்கேன் எடுத்து வால்வையும் பார்ப்பார்கள்.

அப்படியானால் பல் வைத்தியத்துக்கு முன்னால் எல்லோரும் ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். முன்பு வால்வுக் கோளாறு உள்ள பலருக்கும் கொடுத்தார்கள். 2007-இல் அமெரிக்க இதய சங்கம் பட்டியலைச் சுருக்கியது: செயற்கை வால்வு வைத்தவர்கள், ஏற்கனவே எண்டோகார்டைட்டிஸ் வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள், இதய மாற்று செய்து வால்வு பழுதானவர்கள். இவர்களுக்கு மட்டும், ஈறைக் கிளறும் சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக ஒரே ஒரு வேளை மருந்து. காரணம் எளிது. வருடத்துக்கு ஒரு முறை பல் எடுப்பதைவிட, கெட்ட ஈறோடு தினமும் மெல்லுவதும் துலக்குவதும்தான் கூடுதலாகக் கிருமியை இரத்தத்துக்குள் அனுப்புகிறது. பட்டியல் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும் என்பதால், இதய மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ருமாட்டிக் நோய்க்காக மூன்று வாரத்துக்கொரு முறை பெனிசிலின் ஊசி போடுபவர்கள், அதுவே இதற்கும் காப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த ஊசி ருமாட்டிக் காய்ச்சல் மறுபடி வராமல் தடுக்க மட்டுமே. எண்டோகார்டைட்டிஸை அது தடுக்காது. அவர்களுக்குக் காப்பு மருந்து தேவைப்பட்டால் பெனிசிலின் அல்லாத வேறு வகையைக் கொடுப்பதே வழக்கம்.

வால்வு நோய்க்கு வாரக்கணக்கு என்றால், இன்னொன்றுக்கு மணிக்கணக்கு. கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர் முனை, வாயின் தரையாக இருக்கும் தசைக்கும் கீழே போய் நிற்கிறது. அங்கே சீழ் உடைந்தால் வாய்க்குள் வடியாது, தாடைக்கு அடியில் பரவும். 1836-இல் ஸ்டுட்கார்ட் நகரத்து மருத்துவர் லுட்விக் இதை விவரித்தார். நோய்க்கு அவர் பெயரே நின்றுவிட்டது. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் வீங்கி விறைக்கும், நாக்கு மேலேயும் பின்னேயும் தள்ளப்படும், எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகும், குரல் மாறும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். இதில் எது தெரிந்தாலும் ஒத்தடம், கிராம்பு, வலி மாத்திரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மயக்க மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அந்த இரவே போக வேண்டும். அங்கே சீழை எடுப்பதற்கு முன்பே மூச்சுப் பாதையைக் காப்பாற்றுவார்கள். உயிரைப் பறிப்பது முதலில் மூச்சடைப்புதான். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இது இன்னும் வேகமாகப் பரவும்.

இளைஞர்களைப் பிடிக்கும் ஒன்றும் உண்டு. தொண்டை வலி வந்து ஒரு வாரத்தில் ஆறுவதற்குப் பதில், தூக்கிப்போடும் குளிர் காய்ச்சலும், கழுத்தின் ஒரு பக்கத்தில் வலியும், மூச்சு விட்டால் நெஞ்சு வலியும் வரும். ஃபூசோபாக்டீரியம் என்ற கிருமி தொண்டையிலிருந்து கழுத்துச் சிரைக்குள் இறங்கி, அங்கே இரத்தத்தை உறைய வைத்து, நுரையீரலுக்குச் சீழ்த் துணுக்குகளை அனுப்புகிறது. 1936-இல் பிரெஞ்சு மருத்துவர் லெமியேர் எழுதிய இருபது நோயாளிகளில் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். இப்போது ஆன்டிபயாடிக்கில் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள், நேரத்தில் சந்தேகப்பட்டால். நீலம் பாரிக்கும் பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு வேறொரு ஆபத்து: அவர்களுடைய இரத்தத்தில் ஒரு பகுதி நுரையீரல் வடிகட்டியைத் தாண்டாமல் நேரே உடலுக்குப் போவதால், வாய்க் கிருமி மூளையில் சீழ்க் கட்டியை உண்டாக்கலாம். அந்தக் குழந்தைகளின் பால் பல் சொத்தையை, விழப்போகிற பல்தானே என்று விடக்கூடாது.

கடைசியாக, வாய்க்குச் சொந்தக்காரர் ஒருவர், நோயாளி இன்னொருவர் என்று ஆகிற வகை. சண்டையில் ஓங்கிக் குத்தும்போது எதிராளியின் பல் பட்டு முட்டியில் சிறு கீறல் விழும். ஓரிரு நாளில் மூட்டுக்குள் சீழ் பிடித்து விரலை மடக்க முடியாமல் போகலாம். இதில் எய்கனெல்லா என்ற வாய்க் கிருமி அடிக்கடி இருக்கும். தோல் புண்ணுக்கு வழக்கமாகக் கொடுக்கும் செஃபலெக்சின் அதற்கு வேலை செய்யாது. கதவில் இடித்துக்கொண்டேன் என்று பொய் சொல்பவருக்கு அந்த மாத்திரைதான் கிடைக்கும்.