ஒரே குத்தில் இரண்டு அடி

சிங்கி இறாலைப் பிடித்துத் தூக்கினால் ‘கிரீச், கிரீச்’ என்று சத்தம் போடும். அதற்குத் தொண்டையும் இல்லை, நாக்கும் இல்லை. பிறகு எங்கிருந்து வருகிறது அந்தச் சத்தம்?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ஷீலா பாடெக் இந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்தார். சிங்கி இறாலின் நீண்ட மீசையின் அடியில் மெத்தென்ற ஒரு திட்டு இருக்கிறது. கண்ணுக்குக் கீழே, ஓட்டின் மேல், வழவழப்பான ஒரு பட்டை இருக்கிறது. மீசையை அசைக்கும்போது அந்தத் திட்டு பட்டையின் மேல் உரசும். சுவர்க்கோழியும் உரசித்தான் ஒலி எழுப்புகிறது, ஆனால் அங்கே கெட்டியான பற்கள் வரிசையாக இருக்கும். சிங்கி இறாலின் பட்டையில் அப்படிப்பட்ட பற்கள் கிடையாது. மெத்தென்ற திட்டு ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும், மறுபடி வழுக்கும். ஒவ்வொரு வழுக்கலுக்கும் ஒரு சத்தம். வயலின் நரம்பின் மேல் வில்லை இழுக்கும்போதும் இதேதான் நடக்கிறது! 2001-ல் ‘நேச்சர்’ இதழில் இதை அவர் எழுதினார்.

இப்படி உரசி ஒலி எழுப்புவதால் சிங்கி இறாலுக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. வளர வேண்டுமென்றால் அது பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். புது ஓடு சில நாள் மென்மையாகவே இருக்கும். எதிரிகள் எளிதாகக் கடித்துவிடக்கூடிய நேரம் அது. கெட்டியான பற்களை நம்பியிருந்தால் அப்போது சத்தமே எழும்பாது. உரசலை நம்பியிருப்பதால், ஓடு மென்மையாக இருக்கும்போதும் கிரீச்சிட்டு எதிரியை மிரட்ட முடிகிறது.

அடுத்து பாடெக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்குப் போனார். அங்கே ராய் கால்ட்வெல் என்ற பேராசிரியர் மாண்டிஸ் இறால்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். பெயரில்தான் இறால்; உண்மையான இறாலுக்குத் தூரத்து உறவு, அவ்வளவுதான். அவற்றில் மயில் மாண்டிஸ் இறால் என்ற வகை பச்சை, நீலம், சிவப்பு என்று பளபளக்கும். மடித்து வைத்த முன்காலால் ஓங்கிக் குத்தி நத்தை ஓட்டையே உடைத்துத் தின்றுவிடும்.

அந்தக் குத்தைப் படம் பிடிப்பது லேசான வேலையில்லை. சாதாரண வீடியோவில் ஒரு விநாடிக்கு 30 படங்கள் பதிவாகும். இந்தக் குத்தோ ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்குக்குள் முடிந்துவிடும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவிலேயே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். விநாடிக்கு 5,000 படம் எடுக்கும் கேமரா கிடைத்த பிறகுதான் காலின் ஓட்டம் தெளிவாகத் தெரிந்தது. வேகம் விநாடிக்கு 23 மீட்டர் வரை போனது. நெடுஞ்சாலையில் ஓடும் கார் போல, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் தண்ணீருக்குள்!

எந்தத் தசையாலும் நேரடியாக இவ்வளவு வேகம் கொடுக்க முடியாது. தசை முதலில் மெதுவாகச் சுருங்குகிறது. காலை ஒரு தாழ் பிடித்துக்கொள்கிறது. காலின் மேற்புறத்தில் குதிரைச் சேணம் போல வளைந்த ஓட்டுப் பகுதி ஒன்று ஸ்பிரிங்காக அழுந்தி ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. தாழ் விலகியதும் கால் பாய்கிறது. இந்தக் கண்டுபிடிப்பு 2004-ல் வெளிவந்தது.

படங்களில் இன்னொன்றும் தெரிந்தது. கால் பட்ட இடத்தில் குமிழிகள்! கால் அவ்வளவு வேகமாகப் பாய்ந்து மோதும்போது அங்கே நீரின் அழுத்தம் சட்டென்று குறைந்து நீராவிக் குமிழிகள் உண்டாகின்றன. அவை உடனே நொறுங்கும். பாடெக் இதோடு விட்டுவிடவில்லை. விசையை அளக்கும் கருவியின் மேல் மாண்டிஸ் இறாலைக் குத்த வைத்துப் பார்த்தார். கால் மோதியதற்கு ஓர் உச்சம், அதற்கு அரை மில்லி விநாடிக்குள் இன்னோர் உச்சம். இரண்டாவது அடியைக் கொடுத்தது காலில்லை, நொறுங்கிய குமிழி. முதல் அடியின் விசை 1,500 நியூட்டன் வரை பதிவானது. நம் மேல் 150 கிலோ மூட்டையை வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு.

இவற்றுக்குள்ளேயே சண்டை வந்தால்? வளைக்காகப் போட்டியிடும் இரண்டு சிறு மாண்டிஸ் இறால்களில் ஒன்று தன் வால் கவசத்தைக் கேடயமாக முன்னால் நீட்டும். மற்றது அதன் மேல் குத்தும். அந்தக் கவசம் அடியின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விழுங்கிவிடும் என்று பாடெக்கும் சக ஆய்வாளர் ஒருவரும் அளந்து காட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பிறகு வந்த ஆய்வுதான். மாண்டிஸ் இறால்களில் முள் போன்ற காலால் மீனைக் குத்திப் பிடிக்கிற வகையும் உண்டு. ஓடுகிற மீனைப் பிடிப்பதால் அதுதானே அதிக வேகமாக இருக்க வேண்டும்? அளந்தபோது விடை தலைகீழாக வந்தது. ஓடு உடைப்பதை விட மீன் பிடிப்பது மிகவும் மெதுவாகவே குத்துகிறது. நத்தை எங்கும் ஓடாது, ஆனால் அதன் ஓட்டை உடைக்கப் பெரும் விசை வேண்டும். மீன் பிடிக்கும் இறாலோ மணல் வளைக்குள் ஒளிந்திருக்கும். மீன் தானாகவே பக்கத்தில் வரும்வரை காத்திருந்து குத்தினால் அதற்குப் போதும்.