பட்டத்துக்குப் பின்னும் தொடரும் அறிவியல்

அறிவியல் பட்டம் வாங்கிய இளைஞர்களில் பலர் ஆய்வகத்துக்குப் போவதில்லை. வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேலைக்குச் சேர்கிறார்கள். படித்த படிப்பு வீணாகிவிட்டதே என்று வீட்டில் வருந்துவார்கள். அந்த வருத்தம் தேவையில்லை. கூர்ந்து பார்ப்பதும், பார்த்ததை எண்ணிக் குறித்து வைப்பதும்தான் அறிவியலின் அடிப்படை. பறவை நோக்குதல் என்ற பொழுதுபோக்கு அந்தப் பழக்கத்தை வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றித் தருகிறது. வேலைக்குப் போகும் வழியில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானைப் பாருங்கள்: மீன்வால் போலப் பிளந்த வால், அலகின் ஓரத்தில் சின்னஞ்சிறு வெள்ளைப் பொட்டு. நாள், நேரம், இடம், எண்ணிக்கையோடு ஈபேர்ட் (eBird) என்ற இணையத் தரவுத்தளத்தில் பதிந்தால் அதுவும் ஆய்வுக்கு உதவும் தரவுதான்.

ஆர்வலர்கள் தரும் தகவலை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. வழக்கத்துக்கு மாறான பதிவுகளை அனுபவசாலிகள் சரிபார்க்கிறார்கள். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 ஆர்வலர்கள் அளித்த ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 பறவை இனங்களை ஆராய்ந்தது. நமக்கு நன்கு பழக்கமான பனங்காடை குறைந்து வருவதை அது எடுத்துக்காட்டியது. சம்பளம் வாங்கும் ஆய்வாளர்களால் மட்டும் நாடு முழுக்க இவ்வளவு தகவலைத் திரட்டியிருக்க முடியாது. பறவை நோக்க நேரமும் பணமும் ஏது என்பது அடுத்த தயக்கம். வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குப் போவது மகிழ்ச்சி தரும். ஆனால், பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு வீட்டு மொட்டைமாடியில் கால் மணி நேரம் போதும். படிப்பு வீணாகாமல் காக்க அந்தக் கால் மணி நேரத்தை ஒதுக்கலாமே!