கிளித்தீவும் பம்ப் துப்பாக்கியும்

பாராடாங் தீவில் பொழுது சீக்கிரம் சாய்ந்து விடுகிறது. மற்ற ஊர்களில் குமாஸ்தாக்கள் கோப்பைக் கட்டி வைத்துவிட்டு மணி பார்க்கும் நேரத்தில் அங்கே விளக்கு ஏற்றியாக வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம். சூரியன் மட்டும் அந்தமானுக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறான். அந்த அந்தி வேளையில், படகுத் துறைக்கு அப்பால் அலையாத்தி மரங்கள் அடர்ந்த ஒரு சிறு திட்டில், நாலா திக்கிலிருந்தும் கிளிகள் வந்து இறங்குகின்றன. ஐந்து, பத்து என்று தொடங்கி, பிறகு எண்ண முடியாத கூட்டமாகி விடும். இரவு தங்கிவிட்டு விடியற்காலையில் இரை தேடிக் கிளம்பிவிடும். கிளித்தீவு என்றே அதற்குப் பெயர். மரங்களின் உச்சி கத்தரித்து விட்டாற்போல் மட்டமாக இருப்பது கிளிகள் கொறித்துக் கொறித்துத்தான் என்று படகுக்காரர்கள் சொல்வது வழக்கம்.

கூட்டமாகப் பறக்கும் பறவைகளைக் கண்டால் சிலருக்குக் காமிரா நினைவு வரும். சிலருக்குத் துப்பாக்கி நினைவு வரும். இரண்டாவது வகையினர் இன்றும் நம்மிடையே உண்டு. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மாமா, தோட்டத்துக்கு உரிமம் வாங்கி வைத்திருக்கும் பெரியப்பா என்று குடும்பத்துக்கு ஒருவர் இருப்பார். அவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடுவது பம்ப் துப்பாக்கி.

ஹியூம் வந்து சுட்டது

அந்தமான் பறவைகளை வெளியுலகம் அறிந்ததே துப்பாக்கியின் வழியாகத்தான். வைஸ்ராய் மேயோ பிரபு போர்ட் பிளேரில் கத்திக்கு இரையானது 1872 பிப்ரவரியில். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்ற வெள்ளைக்கார அதிகாரி, நிலவியல் அறிஞர்கள் ஸ்டோலிக்ஸ்கா, பால் ஆகியோருடன் இந்தத் தீவுகளுக்குப் பறவை சேகரிக்க வந்தார். 1885-ல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான்.

அக்காலத்தில் ஒரு பறவையை இன்னதென்று உறுதி செய்ய வேண்டுமானால் அதைச் சுட்டு, தோலை உரித்து, பஞ்சு அடைத்து, சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். ஹியூம் இப்படி நாடெங்கிலுமிருந்து திரட்டி 1885-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தவை 75 ஆயிரத்துக்கும் மேல். அவர் எழுதி வைத்திருந்த கையெழுத்துப் படிகளோ சிம்லா வீட்டிலிருந்து பழைய காகிதமாகக் கடைத்தெருவுக்குப் போய்விட்டன! பிற்காலத்தில் மனிதர் புலால் உண்பதையே விட்டுவிட்டார்.

ஹியூம் அந்தமான் வந்தபோது பம்ப் துப்பாக்கி பிறக்கவில்லை. ஒற்றைக் குழலும் இரட்டைக் குழலும்தான் இருந்தன. இரண்டு முறை சுட்டால் தீர்ந்தது. பிறகு குழலை மடித்துத் தோட்டா மாற்ற வேண்டும். அதற்குள் பறவை அடுத்த தீவுக்குப் போய்விடும்.

சைக்கிள் பம்பு மாதிரி

1882-ல் அமெரிக்காவில் ஸ்பென்சர் என்பவர் இதற்கு வழி கண்டார். குழலுக்கு அடியில் இன்னொரு குழாய்; அதில் தோட்டாக்கள் வரிசையாகக் கிடக்கும். இடது கை பிடித்திருக்கும் மரப்பிடியைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். புதிய தோட்டா மேலே எழும்பும். பிடியை முன்னால் தள்ளினால் தோட்டா குழலுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைப் போன்ற இந்த ஆட்டத்தினால்தான் அந்தப் பெயர். சினிமாவில் வில்லன் சுடுவதற்கு முன் ‘சடக், சடக்’ என்று ஓசை எழுப்புவது இதைத்தான். பாதி இழுத்துப் பாதியில் தள்ளினால் தோட்டா சிக்கிக்கொள்ளும். அவசரக்காரன் கைக்கு உதவாத ஆயுதம்.

12 போர் என்கிறார்களே, அது என்ன? ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக 12 குண்டுகளாக உருட்டினால், அதில் ஒரு குண்டின் பருமன்தான் குழலின் உள்விட்டம். ஏறக்குறைய பதினெட்டரை மில்லி மீட்டர். 20 போர் என்றால் 20 குண்டு; ஆகவே குழல் சிறியது. எண் ஏற ஏறக் குழல் ஒடுங்கும் என்பதால் புதியவர்கள் குழம்புவது இயல்பே. பறவைக்கு ஒற்றைக் குண்டு போடுவதில்லை. நூற்றுக்கணக்கான சன்ன ரவைகள் அடங்கிய தோட்டா போடுவார்கள். அவை விரிந்து பரவும்.

எது சிறந்தது?

ஸ்பென்சர் வழி காட்டினாலும் பெயர் வாங்கியது ஜான் பிரவுனிங் வரைந்து வின்செஸ்டர் கம்பெனி செய்த மாடல் 1897. துப்பாக்கியின் பின்புறம் குதிரை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பத்து லட்சத்துக்கு மேல் விற்று 1957-ல் நின்றது. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் இதைப் பதுங்கு குழிகளுக்குள் கொண்டுபோனபோது, இது கொடுமையான ஆயுதம் என்று ஜெர்மனியே 1918-ல் ஆட்சேபக் கடிதம் எழுதியது.

அடுத்து 1912-ல் வந்த வின்செஸ்டர் மாடல் 12. குதிரை உள்ளே மறைந்துவிட்டது. இரும்புக் கட்டியைக் கடைந்து, அரம் போட்டு, பாகத்துக்குப் பாகம் இழைத்துச் செய்தார்கள். பிடியை இழுத்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் நகரும் என்பது அதைக் கையாண்டவர்களின் புகழ்ச்சி. சுமார் 20 லட்சம் செய்தபின் 1964 வாக்கில் வழக்கமான உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். குறை ஒன்றும் இல்லை. கூலி கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். பெரம்பூர், பொன்மலைப் பட்டறைகளில் கடைசல் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாடல் 12-ஐ வீழ்த்தியது 1950-ல் வந்த ரெமிங்டன் 870. உள்ளுறுப்புகள் பலவற்றைத் தகட்டில் அச்சு வெட்டி எடுத்தார்கள். பிடியிலிருந்து ஒன்றுக்கு இரண்டு இழுப்புக் கம்பிகள் போவதால் கோணாமல் ஓடும். விலையும் மலிவு. ஒரு கோடிக்கு மேல் விற்ற துப்பாக்கி இது. ஆனாலும் கம்பெனி கடனில் மூழ்கி 2018-லும் 2020-லும் திவால் மனு போட்டது. நியூயார்க் மாநிலத்து இலியன் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடந்த தொழிற்சாலை 2024-ல் மூடப்பட்டது. கோடி துப்பாக்கி விற்ற இடத்திலும் கடைசியில் தெருவில் நின்றது தொழிலாளிதான்.

இத்தாகா 37 என்பது தனி ரகம். பழைய ரெமிங்டன் ஒன்றின் காப்புரிமை காலாவதியாகும் வரை காத்திருந்து 1937-ல் கொண்டுவந்தார்கள். தோட்டா போவதும் கூடு விழுவதும் அடிப்பக்கத்து ஒரே வாசல் வழியாக. பக்கவாட்டில் ஓட்டையே இல்லை. இடது கைக்காரர்களுக்குக் கூடு முகத்தில் தெறிக்காது. மழையும் தூசியும் உள்ளே இறங்காது. மாஸ்பர்க் 500 என்பது 1960களின் தொடக்கத்தில் வந்தது. அதன் நடுப்பெட்டி அலுமினியம், ஆகவே இலேசு. பாதுகாப்புப் பொத்தான் மேலே, கட்டை விரலுக்கு நேராக இருக்கிறது.

பாராடாங் போன்ற ஊரை வைத்துப் பார்த்தால் இந்தக் கடைசி இரண்டுக்கும்தான் மார்க்குப் போட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மாறி மாறி நனைக்கும் தீவு. உப்புக் காற்று வேறு. மாடல் 12-ஐ அங்கே கொண்டுபோய் நாலு நாள் எண்ணெய் போடாமல் விட்டால் அதன் அழகெல்லாம் துருவாகிவிடும். தோட்டாவிலும் இதே கதை. பழைய அட்டைத் தோட்டா ஈரத்தில் ஊதிக் குழலில் ஏறாது. 1960-ல் ரெமிங்டன் பிளாஸ்டிக் கூடு கொண்டுவந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

மரக்குச்சிச் சட்டம்

இத்தனை துப்பாக்கி செய்த அமெரிக்காவே இதற்குக் கடிவாளமும் போட்டது. வானத்தை மறைத்துப் பறந்த பயணப்புறா என்ற இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் இறந்தது. அந்த இனத்தை ஒழிக்கப் பம்ப் துப்பாக்கி தேவைப்படவில்லை. வலையும் பழைய துப்பாக்கிகளுமே போதுமானதாக இருந்தன. பட்ட பிறகு வந்த புத்திதான்! 1918-ல் வலசைப் பறவைச் சட்டம் வந்தது. 1935-ல் இன்னொரு விதி: வலசைப் பறவையைச் சுடும் துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்து தோட்டா பிடிக்கும் குழாய்க்குள் ஒரு மரக்குச்சியைச் செருகி இடத்தை அடைத்துவிட வேண்டும். சேற்றில் விழும் ஈய ரவையை இரையோடு விழுங்கி வாத்துகள் விஷம் ஏறிச் செத்ததால் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயமும் தடை செய்யப்பட்டது.

பறவைக்காக வாதாடுவதில் நம்மவர்கள் அவர்களுக்கு மூத்தவர்கள். வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் வயலுக்கு உரம் என்று ஊர்க்காரர்கள் முறையிட்டு, 1798-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவே வாங்கிவிட்டார்கள். நம் ஊர்களில் பறவை வேட்டை என்றால் நினைவுக்கு வருபவர்கள் நரிக்குறவர்கள். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி அவர்களுடையது. ஒரு முறை சுட்டால் மறுபடி கெட்டிக்க நேரமாகும். ஆகவே ஒரு வெடிக்கு வெகுநேரம் பதுங்கி இருப்பார்கள். பொறுமையில் பம்ப் துப்பாக்கிக்காரன் அவர்களிடம் பாடம் படிக்க வேண்டும். சட்டம் வந்ததும் பிழைப்புப் போய், பாசிமணியும் ஊசியும் விற்கும் நிலைக்கு வந்ததும் அவர்களே.

இரண்டு சட்டம், இரண்டு வாசல்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் புரட்டினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்ளே வரியில்லாத துப்பாக்கிக்குத் தற்காப்பு அல்லது விளையாட்டு என்ற காரணத்தில் உரிமம் கொடுக்கலாம் என்று இருக்கிறது. பயிர்க் காப்புக்கு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் முதலில் சிறு வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்தது. 1991 திருத்தத்தோடு அந்த வாசல் அடைபட்டது. துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கலாம். பறவையைச் சட்டப்படி சுட முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல், “லைசென்ஸ் இருக்கிறதே” என்று தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் அட்டவணைப் பறவையானால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. சர்க்கார் உத்தியோகஸ்தர் என்றால் வேலையும் போகும். ஊரில் மணியார்டரை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் தண்டனை.

அந்தமான் கிளுவை என்ற சிறு வாத்து உலகத்தில் இந்தப் பக்கத்துத் தீவுகளைத் தவிர வேறெங்கும் நிலையாக வாழ்வதில்லை. சதுப்பில் தாழப் பறக்கும். சுடுகிறவனுக்கு எளிய இலக்கு. பழந்தின்னிப் புறாக்கள் பெரிய கொட்டைகளை முழுசாக விழுங்கித் தொலைவில் போடுகின்றன. காட்டு மரங்கள் பல பரவுவது அவற்றால்தான். மரம் வெட்டிப் பிழைத்த தீவில், மரம் நடும் கூலியில்லா ஆள் அந்தப் புறா.

பாராடாங்கில் வேட்டை என்பதில் இன்னொரு தரப்பும் உண்டு. ஜிர்காடாங்கிலிருந்து நடு ஜலசந்தி வரை, வண்டிகள் போலீஸ் காவலுடன் வரிசையாகப் போகும் சாலை ஜராவா பழங்குடியினரின் காட்டை ஊடுருவிச் செல்கிறது. 1956 பழங்குடிப் பாதுகாப்பு விதியின்படி அந்தக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அச்சாலையை மூட வேண்டும் என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டும் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜராவாக்கள் வில்லும் அம்பும் கொண்டு பன்றியும் உடும்பும் பிடித்துச் சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு ரேஷன் கடை கிடையாது, காடுதான் கடை. வெளியாட்கள் துப்பாக்கியும் கண்ணியுமாக நுழைந்து பன்றியை அள்ளிக்கொண்டு போனால் அவர்கள் அடுப்பு அணையும். அங்கே முன்னர் நடந்த பல மோதல்களுக்கு இந்தத் திருட்டு வேட்டையும் ஒரு காரணம்.

துப்பாக்கியே படாமல் அழியப் பார்த்த பறவையும் அங்கே உண்டு. சுண்ணாம்புக் குகைகளில் எச்சிலால் கூடு கட்டும் உழவாரக் குருவியின் கூட்டைச் சீனர்கள் சூப்பு வைத்துக் குடிக்கிறார்கள். கள்ளச் சந்தையில் அதற்கு அபார விலை. குஞ்சு பொரிக்கும் முன்பே கூட்டைப் பெயர்த்து எடுத்துவிடுவார்கள். கோவையில் உள்ள சலீம் அலி பறவையியல் மையமும் வனத்துறையும் 1990களின் இறுதியில் கை கோத்து, கூடு எடுத்தவர்களையே காவலுக்கு வைத்த பிறகுதான் வடக்கு அந்தமான் குகைகளில் குருவிக் கூட்டம் மீண்டும் தலையெடுத்தது.

வீட்டில் பழைய துப்பாக்கி இருப்பவர்கள் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளலாம். 2019 திருத்தத்தின்படி ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்கக் கூடாது. உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். உரிமக்காரர் காலமாகிவிட்டால் வாரிசு அதை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்ள முடியாது. காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ உடனே ஒப்படைத்து ரசீது வாங்கி, அதன் பிறகே தன் பெயருக்கு மனுப் போட வேண்டும்.

கிளித்தீவைப் பார்க்க விரும்புகிறவர்கள் பாராடாங்கில் ஓர் இரவு தங்கும்படி திட்டமிட வேண்டும். கிளிகள் வந்து சேருவதற்குள் போர்ட் பிளேருக்கு, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அந்நகருக்கு, திரும்பும் கடைசி வண்டி வரிசை புறப்பட்டுப் போயிருக்கும்.