வாழ்தலும் வதிதலும்: ஆங்கிலச் சொற்களும் ரஷ்யச் சொற்களும்

நெடுநாட் பிரிவின் பின் பழைய பள்ளித் தோழர் ஒருவரைச் சந்தித்தால் நாம் முதலிற் கேட்பது, “இப்பொழுது எங்கே இருக்கிறீர்?” என்பதே. கேள்வி எளிது, விடையும் எளிதென்றே தோன்றும். ஆயின், அவ்விடையை ஒரு மொழியினின்றும் வேறொரு மொழிக்குப் பெயர்க்கப் புகுந்தவன் அதன் சிக்கலை அறிவான். இலண்டனிலே ரஷ்ய மொழிப் பத்திரங்களை ஆங்கிலத்திற் பெயர்க்கும் தொழிலிற் பல்லாண்டு கழித்தவன் நான். ஓரிடத்தில் வாழ்தலைக் குறிக்கும் சொற்கள் அவ்விரு மொழிகளிலும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதையும், அவற்றை ஆராயாது கையாண்டால் விளையும் கேட்டையும் இம்மலரிலே சுருங்கக் கூற விழைகின்றேன்.

முதற்கண் ஆங்கிலத்தை நோக்குவோம். அங்கே பொதுச்சொல் ‘லிவ்’ என்பது. உயிரோடிருத்தல், குடியிருத்தல் ஆகிய இரண்டையும் அது குறிக்கும். ‘டுவெல்’ என்பது இன்று பெரும்பாலும் செய்யுளுக்கும் சமய நூல்களுக்கும் உரியதாயிற்று. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் வழிதவறச் செய்தல், தடுத்தல் என்பன. அவற்றினின்று தாமதித்தல் என்றும், பின் தங்குதல் என்றும், ஈற்றிற் குடியிருத்தல் என்றும் பொருள் பெயர்ந்து வந்தது. வழியிலே தடைப்பட்டவன் அங்கேயே வீடு கட்டிக்கொண்டான் போலும்! ‘றிசைட்’ என்பது அமர்தல் என்னும் இலத்தீன் வேரினின்று பிறந்தது. சட்டத்தாரும் அலுவலகத்தாரும் விரும்பும் சொல் இது. ‘இன்ஹபிற்’ என்பது ஒருவன் தன் வீட்டில் இருப்பதைச் சுட்டுதல் அரிது. ஒரு மக்கட் கூட்டமோ விலங்கினமோ ஒரு நிலப்பரப்பில் வாழ்வதையே பெரிதும் சுட்டும். ‘ஸ்ரே’ என்பது சில காலம் தங்குதல். எனினும் ஸ்கொத்லாந்திலும் இந்தியாவிலும் நிலையாகக் குடியிருத்தலுக்கும் அச்சொல்லை வழங்குவர்.

இன்னுமொரு செய்தி நம்மவர்க்குச் சுவை பயப்பது. ‘இருந்தான்’ என்னும் பொருளில் ஆங்கிலேயர் நாள்தோறும் வழங்கும் ‘வொஸ்’ என்ற சொல்லும், நாம் வசித்தல், வாசம் என வழங்குவனவற்றுக்கு மூலமான ‘வஸ்’ என்னும் வடமொழி வேரும் ஒரு குலத்தனவே. இருத்தலும் வசித்தலும் ஒரு காலத்தில் ஒரே சொல்லில் அடங்கியிருந்தன.

இனி ரஷ்ய மொழிக்கு வருவோம். அதன் ஒலிகளைத் தமிழெழுத்தில் ஏறத்தாழவே காட்டலாகும். அங்கே தலையாய சொல் ‘ஜித்’ என்பது. ஆங்கிலத்து ‘லிவ்’ போல இதுவும் உயிர்வாழ்தலையும் குடியிருத்தலையும் ஒருங்கே உணர்த்தும். இதுவும் வடமொழிச் ‘ஜீவ்’ என்னும் வேரும் உடன்பிறப்புகள். ஆகவே, யாழ்ப்பாணத்தார் ‘சீவியம்’ என்று சொல்லுந்தோறும் இந்த ரஷ்யச் சொல்லின் உறவினை வாயிற் கொள்கின்றனர். இவ்வேரினின்றே ‘ஜீத்தெல்’, ‘ஜிலேத்ஸ்’ என்னும் இரு பெயர்கள் பிறந்தன. முன்னது ஓர் ஊரின் குடிமகனையும், பின்னது ஒரு வீட்டிற் குடியிருப்பவனையும் குறிக்கும். பிழைக்க மாட்டாத நோயாளியைக் குறித்து ரஷ்யர் “அவன் ஜிலேத்ஸ் அல்லன்” என்பர். இவ்வுலகத்தையே ஒரு வாடகை வீடாகக் கண்ட மொழி அது.

‘ஜித்’ என்பதன் முன்னே ஓர் ஒட்டுச் சேர்ந்தால் ‘புரொஜிவாத்’ என்றாகும். இஃது ஆங்கிலத்து ‘றிசைட்’ என்பதற்கு நிகரான பத்திரச் சொல். ‘ஒபித்தாத்’ என்பது காட்டு விலங்கு முதலியன உறைதலைக் குறிக்கும். ஒலியிலும் பொருளிலும் ‘இன்ஹபிற்’ என்பதன் இனம்போலத் தோன்றினும் இரண்டுக்கும் பிறப்புறவு இல்லை. விடுதியிலோ நண்பர் வீட்டிலோ தங்குதற்கு ‘நிறுத்திக்கொள்ளுதல்’ என்னும் பொருளுடைய சொல்லை ஆளுவர். பயணம் அவ்விடத்தே நின்றது என்பது கருத்து. விருந்தாளியாய்த் தங்குதற்கும், இரவு மாத்திரம் தங்குதற்கும் வேறு வேறு வினைச்சொற்கள் உள்ளன.

நிற்க. இரு மொழிகளுக்கும் இடையேயுள்ள பெரும் வேறுபாடு சொல்லிலன்றிக் காலத்திலேயே உளது. ஆங்கிலத்தில் ‘ஐ லிவ்’ என்றால் நிலையான குடியிருப்பு. ‘ஐ ஆம் லிவிங்’ என்றால், பெரும்பாலும், இப்போதைக்கு மட்டும் என்னும் குறிப்புண்டு. பத்தாண்டாக ஓரிடத்தில் இருப்பவன் ‘ஐ ஹாவ் லிவ்ட்’ என வேறொரு வடிவத்தைக் கொள்ளல் வேண்டும். ரஷ்ய மொழியிலோ நிகழ்காலம் ஒன்றே. “பத்தாண்டாக இங்கே வாழ்கிறேன்” என்று தமிழன் கூறுமாறே ரஷ்யனும் கூறுவான். இவ்விடத்தில் தமிழும் ரஷ்யமும் ஓரணியில் நிற்க, ஆங்கிலம் தனித்து நிற்கின்றது.

இந்த ஒற்றுமையே ஒருமுறை என்னை இடறச் செய்தது. பீற்றர்ஸ்பேர்க் நகரத்து மூதாட்டி ஒருவர், “இலையுதிர் காலந்தொட்டு மகளிடத்தே வாழ்கிறேன்” என்று தம் கடிதத்தில் எழுதியிருந்தார். நான் தமிழ்ப் பழக்கத்தால் ‘ஐ ஆம் லிவிங்’ என்று பெயர்த்துவிட்டேன். அலுவலர் அதனைப் படித்து, “இது தற்காலிகத் தங்கலாயின் இவருடைய நிலையான வீடு எங்கே?” என்று வினவிப் பத்திரத்தைத் திருப்பி அனுப்பினார். அம்மூதாட்டிக்கு மகள் வீட்டையன்றி வேறு வீடு இல்லை. பிழையைத் திருத்தி மீள அனுப்பி விடை வரும்வரை அவர் பல மாதம் கலங்கியிருந்தார். அலுவலர் மீது குற்றமில்லை, குற்றம் என்னுடையதே.

ஒரு சொல் மனிதனை இவ்வாறு அலைக்கழிக்குமெனின், ஓர் அரசு அச்சொல்லைக் கையிலெடுத்தால் யாதாகும்? சோவியத் ஆட்சியில் 1932 டிசம்பர் 27இல் உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறையும், அதனோடு ‘புரோப்பிஸ்கா’ என்னும் பதிவு முறையும் விதிக்கப்பட்டன. அச்சொல்லின் வேர் எழுதுதல் என்பது. பதிவேட்டில் ஒரு முகவரியின்கீழ் எழுதப்பட்டவனே அவ்விடத்தில் வாழ உரிமையுடையவன். மொஸ்கோவிலே எழுதப்படாதவனுக்கு அங்கே முறையான வேலை கிடைத்தல் அரிது. வேலை இல்லாதவனை எழுதுதலும் அரிது. கூட்டுப் பண்ணைக் குடியானவர் பெரும்பாலோர்க்கு அக்கடவுச்சீட்டே வழங்கப்படவில்லை. 1974இல் வந்த ஆணையின் பின்னரே அது யாவர்க்கும் உரியதாயிற்று. 1993ஆம் ஆண்டுச் சட்டம் புரோப்பிஸ்காவை நீக்கி, வாழிடப் பதிவு, தங்கிடப் பதிவு என இரண்டை வகுத்தது. ‘ஜித்’ என்னும் வேரினின்று வந்த சொல் முன்னதற்கும், இருத்தலைக் குறிக்கும் வேரினின்று வந்த சொல் பின்னதற்கும் பெயராயின. ஆதலின் ஒரு ரஷ்யப் பத்திரத்தைப் பெயர்ப்பவன் இவ்விரண்டையும் மயங்கவைத்தால், குடியிருப்பவனை வழிப்போக்கனாக்குவான், வழிப்போக்கனைக் குடியிருப்பவனாக்குவான்.

மொழி பயிலும் மாணவர்க்கு நான் கூறுவது இதுவே. அகராதி ஒரு சொல்லுக்கு நேர்ச்சொல்லைத் தரும். அச்சொல்லை எழுதியவன் அவ்விடத்தில் வேரூன்றி நிற்கின்றானா, பெட்டியைக் கட்டியபடி இருக்கின்றானா என்பதை அது சொல்லாது. அதனை அறிந்த பின்னரே பேனாவை எடுத்தல் வேண்டும்.

நம் நாட்டுப் படிவங்களிலும் நிரந்தர வதிவிடம், தற்காலிக வதிவிடம் என இரு வரிகள் உண்டு. கடல் கடந்து சென்ற பழைய மாணவர் பலர், தாம் நாற்பதாண்டு குடியிருக்கும் நகரத்தை இரண்டாவது வரியிலும், பூட்டிக் கிடக்கும் தந்தையார் வீட்டை முதல் வரியிலும் எழுதக் கண்டிருக்கிறேன். நானும் அவ்வாறே எழுதி வருகின்றேன். அதனை ஆங்கிலத்திலோ ரஷ்ய மொழியிலோ எந்த வினைச்சொல்லாற் பெயர்ப்பது என்று எவரேனும் என்னைக் கேட்பின், உடனே விடை சொல்ல என்னால் இயலாது.