புல்லால் மூடக்கூடியதும் மூடக்கூடாததும்

கூடி வாழ்கிறவர்களுக்குள் மனத்தாங்கல் வந்தால் எதிரே உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வது ஒரு வழி. வாய் திறக்காமல் மனத்துக்குள்ளேயே மன்னித்து விட்டுவிடுவது இன்னொரு வழி. எந்த இடத்தில் எது பொருந்தும் என்பதற்கு விரிவான நடைமுறை விதிகளை வகுத்துவைத்த மிகப் பழைய அமைப்புகளுள் ஒன்று பௌத்த பிக்கு சங்கம். பாலி வினய பிடகத்தின் மகாவக்கம், சுள்ளவக்கம் ஆகிய பகுதிகளிலும், மஜ்ஜிம நிகாயம், அங்குத்தர நிகாயம் ஆகிய தொகுப்புகளிலும் இவை சிதறிக் கிடக்கின்றன. யார் எழுந்து நிற்க வேண்டும், எந்த வாக்கியத்தை எத்தனை முறை சொல்ல வேண்டும், யாருடைய சம்மதம் இல்லாவிட்டால் தீர்வு அவரைக் கட்டாது என்பது வரை அவை இறங்கிப் பேசுகின்றன.

சங்கத்துக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் உண்டு. வெவ்வேறு குலத்திலும் ஊரிலும் பிறந்தவர்கள் மழைக்காலத்தின் மூன்று மாதமும் ஒரே இடத்தில் தங்க வேண்டும். ஊரார் இடும் பிச்சைதான் சாப்பாடு. புத்தர் தமக்குப் பின் தலைவர் என்று ஒருவரை நியமிக்கவும் இல்லை. நாதபுத்தர் (மகாவீரர்) பாவா நகரில் மறைந்தவுடன் அவருடைய சீடர்கள் இரண்டுபட்டுச் சண்டையிட்டார்கள் என்ற செய்தி வந்தபோதுதான் புத்தர் பிணக்குத் தீர்க்கும் ஏழு வழிகளைத் தம் சீடர் ஆனந்தருக்கு விளக்கினார் என்கிறது மஜ்ஜிம நிகாயத்தின் சாமகாம சுத்தம். மாற்றுச் சமயத்தாரைப் பற்றிய பேச்சு என்பதால் அந்தச் செய்தியைச் சற்றுத் தள்ளிவைத்தே படிக்க வேண்டும். ஆனால் அதனால் எழுந்த கவலை உண்மையானது.

பேசாமலே சமாதானமாக இருந்துவிடலாம் என்ற யோசனை சங்கத்துக்குள்ளேயே ஒருமுறை எழுந்தது. கோசல நாட்டில் ஒன்றாக மழைக்காலம் தங்கிய சில பிக்குகள், சண்டை வராமல் இருக்க மூன்று மாதமும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். பிச்சை முடிந்து முதலில் திரும்புகிறவர் இருக்கை போட்டுத் தண்ணீர் எடுத்து வைப்பார். கடைசியில் வருகிறவர் இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்வார். குடம் கனமாக இருந்தால் கைச்சாடையால் துணைக்கு அழைப்பார்கள். காலம் முடிந்ததும் புத்தரிடம் போய், சச்சரவில்லாமல் சௌகரியமாக இருந்தோம் என்று பெருமையாகவே சொன்னார்கள். பாராட்டு கிடைக்கவில்லை. ஆடுமாடுகளைப் போலச் சேர்ந்து கிடந்துவிட்டு அதைச் சௌகரியம் என்கிறீர்களே என்று கண்டித்த புத்தர், இப்படி ஊமை விரதம் பூணுவதையே குற்றமாக்கினார். அதற்கு மாற்றாக வந்த சடங்கு பவாரணை.

மழைக்காலத் தங்கல் முடியும் பௌர்ணமியன்று பிக்குகள் கூடுகிறார்கள். ஒவ்வொருவராகக் குந்தி அமர்ந்து, கைகூப்பி, தம்மிடம் கண்டதோ கேட்டதோ ஐயப்பட்டதோ ஏதேனும் குற்றம் இருந்தால் பரிவோடு சொல்லுங்கள், உணர்ந்தால் திருத்திக்கொள்கிறேன் என்று மூன்று முறை வேண்டுகிறார்கள். தொடங்குகிறவர் சபையின் மூத்த பிக்கு. இதுதான் அந்தச் சடங்கின் சாமர்த்தியம். இளையவரிடம் போய் உன் குறையைச் சொல்லட்டுமா என்று பெரியவர் கேட்டால் அது அதட்டலாகிவிடும். என் குறையைச் சொல் என்று பெரியவரே முதலில் கேட்டுவிட்டால் கீழே இருப்பவருக்கும் வாய் திறக்கத் தைரியம் வரும். இலங்கை, தாய்லாந்து, மியான்மார் விகாரைகளில் பவாரணை இன்றும் நடக்கிறது.

குற்றம் சொல்ல வருகிறவருக்கும் கட்டுப்பாடு உண்டு. முதலில் அவர் எதிராளியிடம் அனுமதி கேட்க வேண்டும். பிறகு ஐந்து கேள்விகளைத் தனக்குத்தானே போட்டுக்கொள்ள வேண்டும்: இது சரியான நேரமா, சொல்லப்போவது உண்மையா, சொல் மென்மையானதா, சொல்வதால் பயன் உண்டா, மனத்தில் இருப்பது அன்பா வெறுப்பா. இவற்றில் கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான ‘மனம்விட்டுப் பேசலாம்’கள் தோற்றுப்போகின்றன.

எல்லாவற்றையும் பேசியே ஆக வேண்டும் என்றும் சங்கம் சொல்லவில்லை. மஜ்ஜிம நிகாயத்தின் கிந்தி சுத்தம், ஒருவர் தவறு செய்துவிட்டால் உடனே கண்டிக்க ஓடாதே, முதலில் ஆளை எடைபோடு என்கிறது. சொல்வதால் எனக்குச் சங்கடம் வருமா? அவர் புண்படுவாரா? எளிதில் சினப்படுகிறவரா, வறட்டுப் பிடிவாதக்காரரா? அவரைத் தவற்றிலிருந்து வெளியே கொண்டுவர என்னால் முடியுமா? என் சங்கடமும் அவர் வருத்தமும் சிறியவை, அவர் திருந்துவது பெரியது என்றால் பேசுவதே முறை. எனக்கும் சங்கடம், அவருக்கும் புண், திருந்துவார் என்ற நம்பிக்கையும் இல்லை என்றால் அந்த ஆள் விஷயத்தில் சமநிலையோடு இருந்துவிடுவதைக் குறைவாக எண்ண வேண்டாம். பேசாமல் விடுவது இங்கே எடைபோட்டுப் பார்த்தபின் எடுக்கும் முடிவு. கோசலப் பிக்குகளின் மௌனம் எதையும் எடைபோடாதது.

பேசாமல் விட்டவருக்குள் கறுவு தங்கிவிடுமே என்ற கேள்விக்கு அங்குத்தர நிகாயம் ஐந்து மருந்துகளைச் சொல்கிறது. கறுவு கொண்டவர்மீது அன்பை வளர்க்கலாம், இரக்கத்தை வளர்க்கலாம், சமநிலையில் நிற்கலாம், அவரைப் பற்றிய நினைவுக்கே இடங்கொடாமல் இருக்கலாம், அவரவர் வினைக்கு அவரவரே உரியவர் என்று எண்ணித் தெளியலாம். ஐந்தும் தனியாக, எதிராளிக்குத் தெரியாமலே செய்யக்கூடியவை. ஐந்தும் தீர்ப்பது கோபத்தை மட்டுமே. எதிராளி செய்த குற்றம் இவற்றால் கழிந்துவிட்டது என்று எங்கும் சொல்லப்படவில்லை. குற்றம் கழிய அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் மற்றவர் அதை ஏற்க வேண்டும். தன் குற்றத்தைக் குற்றமென்று காணாதவரும், முறையாக ஒப்புக்கொண்டவரின் குற்றவறிக்கையை ஏற்காதவரும் ஆகிய இருவருமே மூடர்கள் என்று அதே நிகாயம் ஒரே தட்டில் வைக்கிறது.

கோபம் தீர்வது வேறு, குற்றம் கழிவது வேறு என்ற இந்த வேறுபாட்டைப் பௌத்தத்தோடு தொடர்பில்லாத மரபுகளும் கண்டுகொண்டன. யூத அறிஞர் மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த மிஷ்னே தோராவில், தீங்கு செய்தவரை மௌனமாக வெறுப்பது தடை, அவரிடம் போய்ச் சொல்வது கடமை. ஆனாலும் எதிராளி விவரம் அறியாதவராகவோ மனநிலை சரியில்லாதவராகவோ இருந்து, பாதிக்கப்பட்டவர் சொல்லாமல் மனத்துக்குள் மன்னித்து வெறுப்பின்றி இருந்தால் அது பக்தியாளரின் பண்பு என்று அவர் விதிவிலக்குத் தருகிறார். நம் காலத்தில் ராய் பாமைஸ்டர், ஜூலி எக்ஸ்லைன், கிறிஸ்டின் சாமர் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 1998இல் மன்னிப்பை இரண்டு பரிமாணங்களாகப் பிரித்தார்கள்: மனத்துக்குள் நடப்பது, இருவருக்கிடையே நடப்பது. மன்னித்தேன் என்று சொல்லிவிட்டு உள்ளே புழுங்குவது உள்ளீடற்ற மன்னிப்பு. உள்ளே மன்னித்துவிட்டு வெளியே காட்டாமல் இருப்பது மௌன மன்னிப்பு. ஜேம்ஸ் மெக்நல்டி 2011இல் வெளியிட்ட ஆய்வு, புதிதாக மணமானவர்களை முதல் 4 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. எளிதில் மன்னிக்கும் இயல்புடையவர்கள்மீது துணைவர் காட்டிய வன்சொல்லும் வன்செயலும் குறையாமல் அப்படியே நீடித்தன. அவ்வளவு எளிதில் மன்னிக்காதவர்களுக்கு அவை காலப்போக்கில் குறைந்தன. தொடர்ந்துகொண்டிருக்கும் தவற்றை மனத்துக்குள் மன்னிப்பவர் தன் கோபத்துக்கு முடிவு காண்கிறார், தவறு முடிவதில்லை.

பேச வேண்டிய இடத்தில் பேசாமலும், பேசக்கூடாத இடத்தில் பேசியும் ஒரு சங்கம் எப்படி உடையும் என்பதற்குப் பௌத்த நூல்கள் காட்டும் பெரிய உதாரணம் கோசாம்பி. இன்றைய உத்தரப் பிரதேசத்தில், யமுனைக் கரையில் இருந்த நகரம் அது. அங்கே ஒரு பிக்கு கழிப்பிடத்தில் பாத்திரத்தில் தண்ணீரை மிச்சம் வைத்துவிட்டு வந்தார் என்று உரைநூல் சொல்கிறது. வினயத்தில் (ஒழுக்க விதிகளில்) வல்ல இன்னொரு பிக்கு அதைக் கண்டு, இது குற்றமல்லவா என்றார். தெரியாது, குற்றமென்றால் ஒப்புக்கொள்கிறேன் என்றார் இவர். வேண்டுமென்று செய்யவில்லையென்றால் குற்றமில்லை என்று அவரே சொல்லிவிட்டார். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வினய வல்லுநர் தம் மாணவர்களிடம் போய், அந்த ஆள் குற்றம் செய்தும் தெரியாமல் திரிகிறார் என்றார். அவருடைய மாணவர்கள் இவருடைய மாணவர்களிடம் சொல்ல, அது இவர் காதுக்கு வர, முன்னே குற்றமில்லை என்றவர் இப்போது குற்றம் என்கிறாரே, பொய்யர் என்றார் இவர். நேரில் மன்னித்ததும் பொய், முதுகுக்குப் பின்னால் சொன்னதும் விஷம். குற்றத்தைக் காண மறுத்தார் என்று தண்ணீர் மிச்சம் வைத்த பிக்குவைச் சங்கத்திலிருந்து விலக்கிவைத்தார்கள், விகாரை இரண்டானது.

மகாவக்கத்தின்படி புத்தர் இரண்டு தரப்பிடமும் தனித்தனியே போனார். விலக்கியவர்களிடம், இதனால் சங்கம் பிளக்கும் என்று தெரிந்தால் விலக்காதீர்கள் என்றார். விலக்கப்பட்டவர் தரப்பிடம், மற்றவர்கள்மீது வைத்த நம்பிக்கையாலாவது குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள் என்றார். இருவரும் கேட்கவில்லை. பிறகு திகாவு இளவரசனின் கதையைச் சொன்னார். தன் பெற்றோரைக் கொன்ற காசி மன்னன் பிரம்மதத்தனிடம் வேலைக்குச் சேர்ந்த திகாவு, ஒருநாள் காட்டில் மன்னன் தன் மடியில் தலைவைத்து உறங்கும்போது மூன்று முறை வாளை உருவி, தந்தையின் சொல்லை நினைத்து மூன்று முறையும் உறையில் இட்டான். அங்கேயே நின்றிருந்தால் அது மௌன மன்னிப்பு. மன்னன் விழித்ததும் தான் யார் என்பதைச் சொல்லி, இருவரும் ஒருவருக்கொருவர் உயிர்ப்பிச்சை கொடுத்துக்கொண்டபோதுதான் பகை முடிந்தது.

கதையும் பலிக்காமல் புத்தர் தனியாகப் பாரிலேய்யக வனத்துக்குப் போய்விட்டார். காரியத்தை முடித்தவர்கள் ஊர்க்காரர்கள். சண்டைக்காரப் பிக்குகளுக்கு வணக்கமும் இல்லை, பிச்சையும் இல்லை என்று கட்டுப்பாடு போட்டார்கள். பசி வந்ததும் இரு தரப்பும் புத்தர் அப்போது தங்கியிருந்த சாவத்தி நகருக்குப் புறப்பட்டது. அங்கே அவர்களுக்குத் தனித்தனி இடமும், உணவில் சமபங்கும் தரப்பட்டன. விலக்கப்பட்ட பிக்கு தானே யோசித்து, நான் செய்தது குற்றம்தான் என்று ஒப்புக்கொண்டார்; சங்கம் மறுபடி ஒன்றானது. அப்போது புத்தரின் சீடர் உபாலி ஒரு கேள்வி கேட்டார்: விஷயத்தை விசாரிக்காமல், வேருக்குப் போகாமல் ஏற்படுத்தும் ஒற்றுமை செல்லுமா? செல்லாது என்றார் புத்தர். சொல்லளவில் மட்டும் நிற்கும் ஒற்றுமை ஒன்று, சொல்லிலும் பொருளிலும் நிற்கும் ஒற்றுமை இன்னொன்று என்று இரண்டாகப் பிரித்தும் காட்டினார்.

சாமகாம சுத்தம் சொல்லும் ஏழு வழிகளில் முதலாவது, சம்பந்தப்பட்டவர்கள் நேருக்கு நேர் இருக்க வைத்து முடிப்பது. மற்ற ஆறும் இந்த முதல் வழியோடு சேர்ந்தே செல்லுபடியாகும். நினைவு தெளிவாக உள்ளவரைக் குற்றமற்றவர் என விடுவிப்பது, புத்தி பேதலித்திருந்த காலத்தில் செய்ததைத் தள்ளுபடி செய்வது, ஒப்புக்கொண்டபடி முடிப்பது, குச்சிகளால் வாக்கெடுத்துப் பெரும்பான்மைப்படி முடிப்பது, மழுப்புகிறவருக்குத் தண்டனை விதிப்பது என்று ஐந்து வழிகள் நடுவில் வருகின்றன. ஏழாவதுதான் வித்தியாசமானது: புல்லால் மூடுதல்.

சண்டை முற்றி, இரு தரப்பும் துறவிகளுக்கு அடாத பலவற்றைப் பேசியும் செய்தும்விட்ட நிலை. ஒவ்வொன்றையும் தோண்டி விசாரித்தால் கசப்பு கூடிச் சங்கமே உடையும். அப்போது எல்லாரும் ஓரிடத்தில் கூட வேண்டும். ஒரு தரப்பிலிருந்து அறிவுள்ள பிக்கு ஒருவர் எழுந்து கைகூப்பி, தமக்காகவும் தம் தரப்புக்காகவும் மொத்தமாகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். மறு தரப்பிலிருந்தும் ஒருவர் அப்படியே செய்கிறார். யார் எதைச் சொன்னார், எத்தனை முறை சொன்னார் என்ற கணக்கு அத்துடன் மூடப்படுகிறது. மலத்தைக் கிளறினால் நாறும், புல்லிட்டு மூடினால் அடங்கும் என்று உரையாசிரியர்கள் பெயருக்கு விளக்கம் தருகிறார்கள்.

உபாலிக்குச் சொன்ன பதிலோடு இது முரண்படுகிறதே என்று தோன்றலாம். முரண் இல்லை. கருத்து வேறுபாட்டால் எழுந்த வழக்கை இந்த வழியால் தீர்க்க வினயம் இடம் தரவில்லை; அதை நேரில் பேசியோ வாக்கெடுத்தோதான் முடிக்க வேண்டும். புல் மூடுவது சண்டையின்போது சிந்திய குற்றங்களை மட்டுமே. அப்படி மூடுவதும் சபை நடுவே, இரு தரப்பின் வாயாலும் நடக்கிறது. மூன்று விதிவிலக்குகளும் உண்டு: பெருங்குற்றங்களை மூடக்கூடாது, மூடுவதற்கு உடன்படவில்லை என்று சொன்னவரையும் கூட்டத்துக்கு வராதவரையும் அது சேராது, இல்லறத்தார் சம்பந்தப்பட்ட குற்றங்களையும் மூடக்கூடாது.

கடைசி விலக்கின் நியாயம் எளிது. புண்பட்டவர் சபைக்கு வெளியே இருக்கும்போது சபை தங்களுக்குள் மன்னித்துக்கொள்ள முடியாது. மச்சிகாசண்டத்தில் வாழ்ந்த சித்தர் என்ற இல்லறத்தார், தம்மைக் கேட்காமல் வேறு பிக்குகளை விருந்துக்கு அழைத்துவிட்டார் என்று அங்கே தங்கியிருந்த சுதம்ம பிக்குவுக்குக் கோபம். விருந்தைப் பார்த்து, எல்லாம் இருக்கிறது, எள்ளுப் பலகாரம்தான் இல்லை என்று சித்தரின் குலத்தைக் குத்திக்காட்டிப் பேசினார். சங்கம் அவரைச் சித்தரிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னது. போனவர் கூச்சத்தால் கேட்க முடியாமல் திரும்பிவிட்டார். அதற்காக விதி தளர்த்தப்படவில்லை. துணைக்கு ஒரு பிக்குவை அனுப்பி மறுபடி போகச் சொன்னார்கள். நேரில் போய் மன்னிப்புக் கேட்ட பிறகே சுதம்மர்மீதான தண்டனையைச் சங்கம் நீக்கியது.

(தொடரும்)