எரியக் கூடாத விளக்கு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் 1979ஆம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கியபோது, வேணாட்டு அரசர்களின் பழைய அரண்மனையை உடைய இரணியலுக்கும் ஒரு ஸ்டேஷன் வாய்த்தது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்றை லூப் லைனில் ஒதுக்கி நிறுத்தி மற்றொன்றுக்கு வழிவிடுவது, பிளாட்பாரத்தில் நிற்கும் பிரயாணிக்குச் சாதாரணக் காரியமாகவே தோன்றும். ஆயினும், தண்டவாளத்தைப் பிரிக்கும் பாயிண்ட், சிக்னல், சாலைக் கேட் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று முரணாக இயங்காதவாறு பிணைத்து வைக்கும் இன்டர்லாக்கிங் என்ற யுக்தி இல்லையேல், அந்தச் சாதாரணக் காரியம் ஒரு நாளும் நிர்ப்பயமாக நடவாது. 1856இல் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி காப்புரிமை பெற்ற காலத்தில் இரும்பு நெம்புகோல்கள் செய்த இந்த வேலையை இப்போது கணிப்பொறி நிரல்கள் செய்கின்றன. இந்திய ரயில்வேயில் அதற்கு முதலில் இடங்கொடுத்தது, 1987இல், நம் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன்.

மென்பொருளைப் பரீட்சிப்பது என்றால் என்னவென்று அறிய விரும்புவோருக்கு இதைவிடத் தெளிந்த உதாரணம் கிடைப்பது அரிது. வண்டியை லூப் லைனுக்குள் அழைக்கும் மஞ்சள் விளக்கு எப்போது எரியலாம்? பாயிண்ட் லூப் பக்கம் திரும்பிப் பூட்டியிருக்க வேண்டும். லூப் லைன் காலியாயிருக்க வேண்டும். எதிர்த்திசைச் சிக்னல் சிவப்பிலிருக்க வேண்டும். வழியில் கேட் உண்டானால் அது மூடியிருக்க வேண்டும். நிரல் எழுதுமுன்பே இந்த நிபந்தனைகள் அட்டவணையாக எழுதப்பட்டுவிடுகின்றன. மென்பொருள்காரர் 'ரெக்வயர்மென்ட்' என்பது இதைத்தான். அதன் ஒவ்வொரு வரிக்கும் இன்ன நிலையில் இன்னது செய்தால் இன்ன விளைவு வரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் சோதனையை 'டெஸ்ட் கேஸ்' என்கிறார்கள்.

நான்கு நிபந்தனைகளும் பொருந்தியபோது விளக்கு எரிவதைக் கண்டு திருப்தியடைபவர், ஐந்து சோதனைகளில் ஒன்றை மட்டுமே முடித்தவராவார். மற்ற நான்கும் விளக்கு எரியக் கூடாத சோதனைகள். மூன்றை ஒழுங்காக வைத்து ஒன்றை மட்டும் கெடுக்க வேண்டும், அதன்பின் வேறொன்றை. நான்கையும் ஒருங்கே கெடுத்து, சிவப்பு மாறவில்லை என்று மகிழ்வதில் பயனில்லை. ஏனெனில், கேட்டைப் பற்றிய வரியை நிரல் எழுதியவர் அடியோடு மறந்திருந்தாலும், பாயிண்ட் தவறாக நிற்பதே சிவப்புக்குப் போதுமான காரணமாகி அந்த மறதியை மறைத்துவிடும். இவற்றோடு, விளக்கு எரிந்த பிறகு பாயிண்டைத் திருப்ப முயன்றால் அது அசைய மறுக்கிறதா, மின்சாரம் நின்றால் என்ன நேர்கிறது என்பனவும் வேண்டும். ரயில்வேக்காரர்கள் இதற்கென்று 'ஸ்கொயர் ஷீட்' என ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். எல்லாப் பாதைகளையும் நெடுக்கும் குறுக்குமாக எழுதி, ஒன்று கொடுக்கப்பட்டிருக்கையில் மற்ற ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்த்து, மறுக்க வேண்டியது மறுக்கப்படுகிறதா என்று கட்டம் கட்டமாகக் குறிப்பார்கள். மென்பொருள் அலுவலகங்களில் இதன் உறவுமுறையாக 'டிரேசபிலிட்டி மேட்ரிக்ஸ்' என்றொரு அட்டவணை உண்டு: ஒருபுறம் நிபந்தனைகள், மறுபுறம் டெஸ்ட் கேஸ்கள். சோதனையே இல்லாத நிபந்தனை அதில் உடனே அகப்படும். நிபந்தனையே இல்லாத சோதனையும் அகப்படும்; அது வீண் வேலையாக இருக்கலாம், அல்லது எழுத மறந்த ஒரு நிபந்தனையாகவும் இருக்கலாம். பின்னது கிடைத்தால் அதிர்ஷ்டமே.

எல்லாவற்றையும் சோதித்துவிட்டால் இந்த அட்டவணை எதற்கு என்று கேட்கலாம். 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு நிலைகளை மட்டும் கொண்ட 30 சங்கதிகள் ஓரிடத்தில் கூடினால், அவற்றின் சேர்க்கைகள் 107 கோடியைத் தாண்டும். வினாடிக்கு ஒன்றாகச் சோதித்தாலும் 34 ஆண்டுகள் செல்லும். ஆகவே தெரிந்தெடுத்துச் சோதிப்பதன்றி வேறு வழியில்லை.

ஆனால் நிபந்தனைப் பட்டியலே குறையுடையதாக இருந்தால் அதை ஒட்டிய சோதனைகளும் அந்தக் குறையைச் சுமந்தே நிற்கும். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பிரயாணத்தில், ஏறக்குறைய 40 வினாடிகளில் திசை மாறிச் சிதறியது. ஏரியான் 4க்காக எழுதப்பட்ட நிரலின் ஒரு பகுதி, புதிய ராக்கெட்டின் மிகுதியான கிடைமட்ட வேகத்தைச் சிறிய எண்ணிடத்தில் அடைக்க முயன்று தோற்றதே காரணம். அந்த நிரல் இயங்கிய கருவியின் நிபந்தனைப் பட்டியலில் ஏரியான் 5இன் பறக்கும் பாதை சேர்க்கப்படவே இல்லை. எழுதப்படாததை ஒருவரும் சோதிக்கவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான துயரம், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பகாநகா பஜாரில் சரக்கு வண்டியில் மோதி, 290க்கும் மேற்பட்டோர் மாண்டது. சிக்னல் நேர்ப்பாதைக்குப் பச்சை காட்ட, பாயிண்டோ லூப் பக்கம் திரும்பியிருந்தது. சிக்னல் இணைப்புகளில் முன்னர் செய்த மாற்றத்தில் நேர்ந்த பிழையையும், அன்றைய தினம் கேட்டில் நடந்த வேலையையும் விசாரணை சுட்டிக்காட்டியது. ஒரு கம்பியை மாற்றினாலும் அது தொடும் வரிகளையெல்லாம் மீண்டும் பரீட்சிக்க வேண்டும் என்பதைச் சில்லறைச் சம்பிரதாயமாக எண்ணுவோர் இந்த அறிக்கையை ஒருமுறை படிக்கக் கடவர். இரணியல் வழியே இரண்டாம் பாதை வரும்போதும் புதிய வழிகளை மட்டும் சோதித்தால் போதாது. இத்தனை காலம் ஒழுங்காக நடந்த பழைய வழிகளையும் அவற்றோடு சேர்த்துப் பரீட்சித்தாக வேண்டும்.

குமரி மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் படித்துத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களில் பலர், 'டெஸ்டிங்' கிடைத்தால் நிரல் எழுதும் வேலை கிடைக்கவில்லையே என்று முகம் வாடுகிறார்கள். கல்லூரிகளும் இதற்குப் பொறுப்பு. நிரல் எழுதக் கொடுக்கும் பயிற்சியில் பாதியேனும் டெஸ்ட் கேஸ் எழுதக் கொடுத்திருந்தால் இந்த வாட்டம் வந்திராது. அடுத்த ஆண்டுப் பாடத்திட்டம் வகுப்போர் இதைக் கவனிப்பார்களாக.